காது வழியே உப்பு

ராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்றரை இருக்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, மில்லில் கொடுத்த கொஞ்சம் பஞ்சு. பஞ்சு காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்தது. நூல் மில்லில் பத்து மாதம் நின்றேன். காது வேர்க்கிறது என்று ஒரு நாளும் அடைக்கவில்லை. அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவனுக்கு வேலை கிடைப்பதும் போவதும் பஸ் ஏறி இறங்குகிற மாதிரிதான். பஸ்ஸுக்குக் காசு இல்லாததால் நடந்தேன்.

மில்லை விட்டு வந்துவிட்டாலும் மில் என் காதை விட்டுப் போகவில்லை. உள்ளே ஒரே இரைச்சல். லாரி ஹாரன்கூட எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் இருந்தது. அந்த இரைச்சலைத் துளைத்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. டக்கட டக்கட டங். டக்கட டக்கட டங். கல்லில் கொத்துப் புரோட்டா போடுகிற சத்தம்.

முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாயெல்லாம் எச்சில் ஊறிவிட்டது. காற்று மேற்கே மலைப் பக்கமிருந்து ரோட்டைக் குறுக்காகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு வாசமும் வரவில்லை. ஆனாலும் முட்டை, வெங்காயம், சால்னா எல்லாம் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. என்னை அறியாமல் வேகமாக நடந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், தகரக் கூரை போட்ட கடை. வாசலில் பெரிய கல். கல்லுக்குப் பின்னால் ஐம்பது வயதைத் தாண்டிய, ஒடிசலான ஒரு மனிதர். இரண்டு கையிலும் இரண்டு இரும்புத் தகடு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தார். கல்லைப் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"கல்லுல ஒண்ணுமில்லையே" என்றேன்.

"அடுப்பும் இன்னும் பத்த வைக்கல." கை நிற்கவில்லை.

"பொறவு என்னத்தைக் கொத்துறீக?"

"ஒன்னைத்தான். அந்தப் பாலத்துக்கிட்ட வரும்போதே ஒன் நடை மாறிட்டு. எச்சி ஊறுச்சா இல்லியா?"

ஊறியது என்றேன்.

"காசு வச்சிருக்கியா?"

"இல்ல."

தகடுகளைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தப்பான ஆளைக் கொத்திட்டேன் போல. வெங்காயம் உரிப்பியா?"

உரித்தேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் வெங்காயம் உரிப்பது, மாவு பிசைவது, தட்டுக் கழுவுவது எல்லாம் என் வேலை. முதலாளி கல்லாவில் இருப்பார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கல்லில் நிற்கிற இவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கூப்பிடுவதற்குப் பயன்பட்டிருக்காது.

மாஸ்டரிடம் ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. நாக்கு சுத்த மக்கு, காது என்ன சொல்லுதோ அதை அப்படியே நம்பும் என்பார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேரை அவர் இதற்காகவே சோதித்துப் பார்த்திருப்பார். மீதிப்பேர் சோதனை என்று தெரியாமலே காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு லாரி டிரைவர் வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். ஆம்லெட் உள்ளங்கை அளவுகூட இல்லை என்று ஒவ்வொரு தடவையும் குறை சொல்லுவார். ஒரு நாள் மாஸ்டர் முட்டையை எவர்சில்வர் டம்ளரில் உடைத்து ஊற்றிக்கொண்டு நேரே அவர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, கரண்டியால் கலக்கினார். கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார். டம்ளர் கணகணவென்று கத்தியது. பிறகு கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அது சீறும்போது முட்டையை ஊற்றினார். டிரைவர் முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவினார்.

"இன்னைக்கு என்ன மாஸ்டர், ரெண்டு முட்டையா?"

"ஒண்ணுதான் அண்ணே. சத்தம் மட்டும் ரெண்டு முட்டைக்குப் போட்டேன்."

டிரைவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். மாஸ்டர் சொன்னது முழு உண்மை.

கேஸ் சிலிண்டரைத் தட்டி இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்பார். தர்பூசணியைத் தட்டி விலை பேசுவார். நாற்காலி இழுபடுகிற சத்தத்தை வைத்து, வந்திருக்கிறவர் எத்தனை புரோட்டா சாப்பிடுவார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கடை சாத்துகிற நேரத்தில் எழுந்திருக்காமல் அரசியல் பேசிக்கொண்டிருப்பவர்களை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பின்பக்கம் போய் ஒரு கை மணலை அள்ளித் தகரக் கூரை மேல் விசிறுவார். மழை வருகிறது என்று அவர்கள் பாதிப் பேச்சில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். வானத்தில் நட்சத்திரம் தெரியும். ஒருத்தரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் மாவு பிசையும்போது பக்கத்தில் உட்கார்ந்து சட்டியின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே கதை பேசுவார். நல்ல மனிதர், துணைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மாவு மூட்டை சீக்கிரம் தீர்ந்ததில்தான் விஷயம் தெரிந்தது. அவர் தட்டுகிற வேகத்துக்கு என் கை ஓடியிருக்கிறது. இரண்டு ஆள் மாவை ஒரு ஆளாகப் பிசைந்திருக்கிறேன்.

"கை வலிச்சுதா?" என்றார்.

"இல்ல."

"பொறவு என்னத்துக்கு மொறைக்க?"

அந்தத் தட்டுகிற கை அவருக்கு மேளத்திலிருந்து வந்தது. வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு கோயில் பேண்டு செட்டில் சின்ன வயதில் டிரம் வாசித்தவர். மாதா கோயில் தேர்ப்பவனிக்கும் வாசிப்பார்கள், அடக்கத்துக்கும் வாசிப்பார்கள். ஒரு அடக்கத்தில்தான் அவரை நீக்கினார்கள். அந்தக் கதையை ஒரு நாள் புரோட்டாவை வீசிக்கொண்டே சொன்னார்.

"காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பசி. கை என்னை அறியாம வேகமாப் போயிருக்கு. நான் வேகமா அடிச்சதும் கூட்டம் வேகமா நடக்குது. தூக்கிட்டுப் போறவுக வேகமாப் போறாக. அழுறவுககூட வேகமா அழுறாக. ஒருத்தருக்கும் தெரியல பாத்துக்கோ. கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டி போயிட்டு. சாமியாரு பாதி வழியில மூச்சு வாங்கிக்கிட்டு வாராரு."

"பொறவு?"

"பொறவென்ன. செத்தவரு உசுரோட இருந்தப்ப எங்கயுமே நேரத்துக்குப் போனதில்லையாம். அவர் சம்சாரம் அதை நெனச்சுச் சிரிச்சிட்டு. புருசன் அடக்கத்துல பொம்பள சிரிச்சா ஊரு விடுமா? எல்லாஞ் சேத்து எம்மேல விழுந்துட்டு."

சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சட்டியைத் தட்ட ஆரம்பித்தார். நான் கையை மாவிலிருந்து எடுத்துவிட்டேன்.

இந்த மனிதருக்குத்தான் சத்தம் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

கடைக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு வீடு. அதில் ஓய்வுபெற்ற கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் மனைவியோடு இருந்தார். நெஞ்சு ஆபரேஷன் ஆனவர். வெளியே வரவே மாட்டார். அவர் இரண்டு பக்கம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஏட்டு வந்து அதைக் கல்லாவில் வைத்து வாசித்துக் காட்டினார். கொத்துச் சத்தத்தால் மன நிம்மதி, உடல் நலம், உறக்கம் எல்லாம் போய்விட்டதாக எண் போட்டு எழுதியிருந்தது.

"எழுதினவரு கோர்ட்டுல இருந்தவரு, அண்ணாச்சி. இதோட விடமாட்டாரு. இனிமே கொத்துற சத்தம் வெளிய வரக்கூடாது" என்றார் ஏட்டு. ஒரு புரோட்டாவும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணாச்சி பயந்த சுபாவம். மறுநாளே ஒரு மரப்பலகையும் நீளக் கத்தியும் வாங்கி வந்தார். மாஸ்டர் தகடுகளைத் துண்டில் சுற்றி மேலே கூரையில் செருகிவிட்டு, கத்தியால் நறுக்க ஆரம்பித்தார். அதே புரோட்டா, அதே முட்டை, அதே சால்னா, அதே உப்பு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு சிட்டிகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் ஒரு மணி நேரத்திலேயே மூன்று தட்டு திரும்பி வந்தது.

"மாஸ்டர், உப்பு போட மறந்துட்டீகளா?"

"சப்புனு இருக்கே. சால்னா வேற ஆளு வச்சதா?"

"காய்ச்சக்காரனுக்குக் குடுக்குற மாதிரி இருக்கு."

மாஸ்டர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "பாத்தியா, மக்கு நாக்கு." அப்போது அவருக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. வியாழக்கிழமை வரைக்கும் தட்டு திரும்பி வந்துகொண்டே இருந்த பிறகு அது இல்லை. அண்ணாச்சிக்கு ஒரே சந்தேகம்தான்: கோபத்தில் மாஸ்டர் வேண்டுமென்றே உப்பைக் குறைக்கிறார். தானே வந்து ஒரு கை உப்பு அள்ளிப் போட்டார். அதுவும் திரும்பி வந்தது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன் மாஸ்டர்" என்றார் அண்ணாச்சி. "அதுக்குள்ள சரியாகலன்னா, நீங்க வேற கல்லு பாத்துக்கோங்க. எனக்கும் வேற வழி தெரியல."

அன்றைக்கு வெங்காயம் உரிக்க மாஸ்டரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மற்ற கடைகளில் எல்லாம் இப்போது இளவட்டங்கள்தான் மாஸ்டர். புரோட்டாவைத் தலைக்கு மேலே சுழற்றி வீசுவார்கள், பார்க்கிறவர்கள் செல்போனில் எடுப்பார்கள்.

"இந்த வயசுல எந்தக் கல்லு என்னைக் கூப்பிடும்லே?" என்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார். வெங்காயம் உரித்ததில் எனக்குக் கண்ணில் தண்ணீர். அவருக்கும் இருந்தது. அது வெங்காயமா என்று நான் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். குமாஸ்தாவின் மனைவி. சுவருக்கு மேலே துணி காயப் போடும்போது பார்த்திருக்கிறேன்.

"ஏப்பா, அந்தக் கொத்துற சத்தம் மறுபடி எப்ப வரும்?"

நான் விழித்தேன். "ஒங்க வீட்டுல எழுதிக் குடுத்ததுனாலதானம்மா நிப்பாட்டியிருக்கு."

"அது தெரியும். எழுதுறதுக்குக் கண்ணாடி எடுத்துக் குடுத்ததே நான்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவியளுக்கு டாக்டரு உப்பு கூடாது, எண்ண கூடாதுன்னுட்டாரு. ரெண்டு வருசமா சாயங்காலம் ஆறு மணிக்கு உப்பில்லாத சப்பாத்தியும் அவிச்ச முட்டக்கோசும்தான். வைவாக, ஆனா தட்டைக் காலி பண்ணிருவாக. இந்தச் சத்தம் நின்னதுல இருந்து ஒரு வாய் எறங்கல. மண்ணத் திங்குற மாதிரி இருக்குங்குறாக. நாலு நாளா வெறும் மோருப்பா. அதே மாவு, அதே கைதான நான்."

உள்ளே கல்லுக்குப் பக்கத்தில் நின்ற மாஸ்டருக்கு இது கேட்டிருக்கிறது. வந்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போனது.

"கோவிக்காதீகம்மா. இங்கயும் நாலு நாளாத் தட்டு திரும்புது. சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குறவருக்கும் நான்தான் உப்பு போட்டிருக்கேன், எனக்கே தெரியாம." எழுந்து, செருகி வைத்திருந்த துண்டை எடுத்தார். "அடுப்பப் பத்த வைங்க, வாரேன்."

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுத் தன் செல்போனைக் கையில் கொடுத்தார். "நீயும் போ. அவரு சரின்னு சொன்னா அதை வீடியோப் படமா எடுத்துட்டு வா. ஏட்டுக்குக் காட்டணும்."

குமாஸ்தா சாப்பாட்டு மேஜையில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். நாலு நாள் பட்டினி முகத்தில் தெரிந்தது. குரலில் தெரியவில்லை.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீக?"

"ஒங்க மனுவுக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்யா."

"பதில் எழுத்துலதான் தரணும்."

"எனக்குக் கைதான் பேசும்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் சமையல்கட்டுக்குள் போனார். குமாஸ்தா உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்பு தெரியும். அந்த அம்மா சுட்டு வைத்திருந்த சப்பாத்தி நாலு, அவித்த முட்டைக்கோஸ், ஒரு வெங்காயம். எண்ணெய் இல்லை, உப்பு இல்லை. தோசைக்கல் மேல் எல்லாவற்றையும் போட்டார். நான் செல்போனைப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன்.

முதலில் மெதுவாக, தகடுகள் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி. பிறகு டக்கட டக்கட. சமையல்கட்டின் பாத்திரங்களெல்லாம் லேசாக அதிர ஆரம்பித்தன. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார்; கல் சீறியது. சீறல் அடங்குவதற்குள் மறுபடி கொத்து. குமாஸ்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் தாளம் போட்டது. தொண்டை ஏறி இறங்கியது. மாஸ்டர் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்சம் நீட்டினார். அந்த மனிதரின் கை தானாகத் தட்டை முன்னால் தள்ளிய பிறகுதான் நிறுத்தினார்.

குமாஸ்தா ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னொரு வாய். பிறகு கோர்ட்டில் பேசுகிற மாதிரி அழுத்தமாகச் சொன்னார்.

"உப்பு தூக்கலா இருக்கே."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எடுத்தது போதும் என்று நான் செல்போனை நிறுத்தினேன்.

"ஏட்டி, டாக்டரு சொன்னது மறந்துட்டா? எம்புட்டு உப்பு போட்டிருக்கு."

"பொட்டு உப்பு போடல. மாதா மேல சத்தியமா."

நம்பவில்லை. ஆனால் தட்டைத் துடைத்த மாதிரி காலி செய்தார். கை கழுவிவிட்டுப் பேப்பரும் பேனாவும் கேட்டார். தினசரி மாலை ஆறு மணி முதல் ஏழு மணி முடிய, மேற்படி கடையில் கொத்துவதற்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது அவர் சாப்பிடுகிற நேரம். மாஸ்டர் அந்தப் பேப்பரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வரும் வழியெல்லாம் குமாஸ்தா சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேலை தப்பித்தது என்று நானும் நினைத்தேன்.

அண்ணாச்சி பேப்பரை வாசித்தார். "ஒரு மணி நேரத்தை வச்சு நான் என்ன பண்ண?" என்றார். பிறகு நான் எடுத்த படத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவை பார்க்கும்போது அவர் தொண்டையும் ஏறி இறங்கியது.

"நல்லா எடுத்திருக்கியேடா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எடுத்த முதல் படம் அது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சால்னா அண்டாவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. நான் எடுத்த படத்தின் சத்தம் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி செல்போனில் வைத்திருந்தார் அண்ணாச்சி. கடைக்குள் கேட்கும், சுவரைத் தாண்டாது.

"மாஸ்டர், உப்பு காதுலதான் இருக்குன்னு நீங்கதான காட்டுனீக. காதுக்கு இது போதும்." அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "நறுக்குறதை இவனே நறுக்கட்டும். ஒங்களுக்கு இந்த வாரத்தோட முடிச்சுக்குவோம்."

கத்தியை என்னிடம் நீட்டினார். நான் மறுத்திருக்கலாம். அன்றைக்கு ராத்திரி படுக்க இடமும் மறுநாள் சாப்பாடும் அந்தக் கடையில்தான் இருந்தன. வாங்கிக்கொண்டேன்.

மாஸ்டர் ஒரு டீயை வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அண்டாவுக்குப் பின்னாலிருந்து அவர் கை கொத்தியது. நான் சத்தமில்லாமல் நறுக்கினேன். முதல் இரண்டு தட்டும் காலியாக வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான், மாஸ்டரின் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது மேஜையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, நல்லாருக்கு, உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார். அண்ணாச்சி என்னைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அடுத்த மேஜையிலும் அதையே சொன்னார்கள். இன்னும் குறைத்தேன். பார்சல் வாங்கக் காத்திருந்தவர்கூட, "எனக்கு உப்பு பாத்துப் போடுங்க" என்றார். அண்ணாச்சி தானே ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஆமா, கரிக்குது." கடைசியில் உப்பு டப்பாவையே என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவில் வைத்துக்கொண்டார். உப்பே இல்லாமல் நறுக்கிக் கொடுத்தேன். அதையும் தூக்கல் என்றார்கள்.

வெளியே மாஸ்டர் டீ கிளாஸை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. காரணம் தெரியவில்லை. என் காதுதான் மில்லில் போனதாயிற்றே.

அந்த ஆம்லெட் லாரி டிரைவர்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார். "யாருய்யா அது, சும்மா சும்மா உப்பு தூக்கல், உப்பு தூக்கல்ங்கிறது? மனுசன் நிம்மதியாத் திங்க வேண்டாமா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடை அமைதியாயிற்று. கொத்துச் சத்தம் மட்டும் ஓடியது, நீண்டது, நின்றது. பிறகு சால்னா அண்டா பேசியது.

"உப்பு தூக்கலா இருக்கே."

கடை முழுக்கச் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரை ஏறித் தலையில் தட்டினார்கள். அண்ணாச்சி காது வரை சிவந்து ஸ்பீக்கரை அமுக்கினார். மாஸ்டரைக் கல்லுக்குக் கூப்பிடுவார் என்று நான் நினைத்தேன். அவர் என்னிடம் திரும்பினார்.

"அந்தப் பேச்சை மட்டும் வெட்டி எடுத்துட்டாச் சரியாப் போகும்ல?"

பெஞ்சிலிருந்து மாஸ்டர் சொன்னார்: "சரியாப் போகும் அண்ணாச்சி. மத்தபடி நல்லாத்தான் எடுத்திருக்கான்."

அன்றைக்கு ராத்திரியே கிளம்பினார். அவரோடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். துண்டில் சுற்றிய தகடுகள் அவர் கக்கத்தில் இருந்தன. வத்திராயிருப்புப் பக்கம் போகிற மினி பஸ் நின்றிருந்தது. கத்தியை ஏன் வாங்கினாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"என் கையை நான் வெளிய உக்காந்து கேட்டதே இல்லலே" என்றார். "இன்னைக்குத்தான் கேட்டேன். நாலாவது அடி ஒரு பொட்டு பிந்துது. இத்தன வருசமாப் பிந்தியிருக்கு. ஒருத்தனும் சொல்லல."

பஸ் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். ஒன்றும் தட்டாமல் இருந்தன. அவர் கை சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கண்டக்டர் தட்டுகிற மாதிரியே பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். டீ கிளாஸோடு கண்டக்டர் பின்னால் ஓடினார். வளைவு திரும்புகிற வரைக்கும் மாஸ்டர் சிரிப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கடையில் பலகையைக் கழுவி வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே அந்த அம்மாவின் தலை தெரிந்தது.

"மாஸ்டரு இல்லியாப்பா? நேத்து ரா அவிய சாப்பிடல. காலையிலயாவது ஒரு வாய் எறங்கணும்."

"அவரு போயிட்டாரும்மா."

"நீ கூடவே இருந்தவன்தான. ஒனக்கு அடிக்க வராதா?"

வராது என்று சொன்னேன். பரவாயில்லை வா என்றார். மூன்று வேளையும் சாப்பாடு, மாடிப்படிக்குக் கீழே படுக்க இடம். கத்தியைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போனேன்.

கோதுமை தோசை. இரண்டு கரண்டியை வாங்கிக்கொண்டு தோசைக்கல்லில் என்னால் முடிந்த மட்டும் அடித்தேன். குமாஸ்தா ஒரு வாய் வைத்தார்.

"உப்பு கம்மி."

நான் இன்னும் பலமாக அடித்தேன்.

"ஏலே, பலமா அடிச்சு என்ன செய்ய. அந்த ஆளு மாதிரி அடி. நாலாவது அடியைக் கொஞ்சம் பிந்தி அடி."

பிந்தி அடித்தேன். இரண்டு தடவை தப்பியது, மூன்றாவது தடவை வந்தது. அவர் மென்றார், இன்னொரு வாய் எடுத்தார். தட்டு காலியானதும் அந்த அம்மா எனக்கும் இரண்டு தோசை வைத்தார், உப்பில்லாமல். எனக்கு அடிக்க ஆள் இல்லை. அப்படியே சாப்பிட்டேன்.